மென்சா உள்ளூர்க் கிளையை நடத்துவது எப்படி: புதிய செயலர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில், நுண்ணறிவுத் தேர்வில் உயர்நிலை பெற்றவர்களுக்கான மென்சா அமைப்பில் சேர்ந்து நான்கைந்து கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்துவிட்டால், ஏதோ ஓர் இரவு உணவின்போது பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் திரும்பி, அடுத்த ஆண்டு கிளைச் செயலராக இருக்க விருப்பமா என்று கேட்பார். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகு விதிகளைச் சொல்லும் ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்தன. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு உணவகத்தில் யார் முதலில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அவற்றில் எதுவும் சொல்லவில்லை. ஒரு கிளை தழைப்பதும் கருகுவதும் பெரும்பாலும் அந்த மாதிரிச் சிறு ஏற்பாடுகளால்தான் என்பதைச் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்து கண்டேன். இப்பொறுப்பை ஏற்கப் போகும் தமிழ் நண்பர்களுக்காகவும், ஏற்கலாமா என்று தயங்குபவர்களுக்காகவும், செய்ய வேண்டியவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எதை நடத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மென்சா 1946ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், லான்சலாட் வேர், ரோலண்ட் பெரில் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. இலத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மேசை என்று பொருள். வட்டமான மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் தலைப்பக்கம், கடைப்பக்கம் என்று எதுவும் இருக்காது. இனம், மதம், செல்வம், பட்டம் எதையும் பாராமல் எல்லோரும் சமமாக அமர வேண்டும் என்பதே அந்தப் பெயரின் கருத்து. அமெரிக்காவில் இது 1960இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வேர்விட்டது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன.

சேர்வதற்கான தகுதி ஒன்றே ஒன்றுதான்: ஏற்கப்பட்ட ஒரு நுண்ணறிவுத் தேர்வில் மக்கள்தொகையின் முதல் 2 விழுக்காட்டினருக்குள் வர வேண்டும். அமைப்பின் நோக்கங்கள் மூன்று. மனித அறிவாற்றலைக் கண்டறிந்து மனிதகுலத்தின் நன்மைக்காக வளர்ப்பது முதலாவது. அறிவாற்றலின் தன்மையையும் பயனையும் பற்றிய ஆராய்ச்சியை ஊக்குவிப்பது இரண்டாவது. உறுப்பினர்கள் அறிவுக்கு விருந்தாகப் பேசிப் பழகுவதற்கு ஓர் இடம் தருவது மூன்றாவது. ஆராய்ச்சியும் உதவித்தொகையும் மேல்மட்டத்தில் நடந்துகொள்ளும். மூன்றாவது நோக்கம் முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஒருவர் மற்றொருவரைச் சந்திப்பது உள்ளூரில் மட்டுமே நடக்கும்.

கிளைச் செயலரை ஆங்கிலத்தில் சுருக்கி ‘லோக்செக்’ என்று அழைப்பார்கள். பெயரில் செயலர் என்று இருந்தாலும் நடைமுறையில் அவரே கிளையின் தலைவர். அவருடன் பொருளாளர், செய்திமடல் ஆசிரியர், உறுப்பினர் பொறுப்பாளர், தேர்வு ஒருங்கிணைப்பாளர் முதலியோர் சேர்ந்து செயற்குழுவாக இயங்குவார்கள். சிறிய கிளைகளில் ஒருவரே இரண்டு, மூன்று பொறுப்புகளைச் சுமப்பதும் உண்டு. எல்லோருமே ஊதியம் பெறாத தொண்டர்கள். அதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

உங்கள் கிளையின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 33 கோடி. அதில் 2 விழுக்காடு என்றால் 66 இலட்சம் பேர் மென்சாவில் சேரத் தகுதி உடையவர்கள். ஆனால் சேர்ந்திருப்பவர்கள் ஏறத்தாழ 50,000 பேர்தான். அதாவது தகுதி உடைய நூற்று முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உறுப்பினர். மொத்த மக்களில் பார்த்தால் 6,600 பேருக்கு ஒருவர். பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் உங்கள் கிளை உள்ளடக்கியிருந்தால் உங்கள் பட்டியலில் 150 பெயர்கள் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த 150 பேரும் வரமாட்டார்கள். சந்தா கட்டுவதும் இதழைப் படிப்பதும் போதும் என்று இருப்பவர்களே பெரும்பாலோர். என் அனுபவத்தில் பத்தில் ஒருவர்தான் ஆண்டில் ஒரு முறையாவது நேரில் வருகிறார். ஆகவே மாதாந்திர இரவு உணவுக்கு எட்டுப் பேர் வந்தால் அது நல்ல கூட்டம். ஐம்பது பேருக்கு அறை பிடித்துவிட்டு எட்டுப் பேர் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பதைவிட, எட்டுப் பேருக்கு மேசை பிடித்துவிட்டு ஒன்பதாமவருக்காக நாற்காலியை இழுத்துப் போடுவது எவ்வளவோ மேல். வராதவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம். இருபது ஆண்டுகள் சந்தா மட்டும் கட்டிவந்த ஒருவர், ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் கூட்டத்துக்கு வந்து, அதன்பின் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

முந்தையவரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டியவை

பொறுப்பு மாறும்போது பழைய செயலரை ஒரு காப்பிக் கடையில் சந்தித்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கைமாற்றிக்கொள்ளுங்கள். கிளையின் துணைவிதிகள், கடந்த இரண்டு ஆண்டுச் செயற்குழுக் குறிப்புகள், வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை, கிளையின் வரி அடையாள எண், மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்கள், அஞ்சல் பெட்டி இருந்தால் அதன் சாவி ஆகியவை கட்டாயம் வேண்டும். துணைவிதிகளைக் கையில் வாங்கியதோடு நிற்காமல் அன்று இரவே முழுவதும் படித்துவிடுங்கள். தேர்தல் எப்போது, வேட்பாளர் குழுவை யார் அமைப்பது, செயற்குழு முடிவெடுக்க எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில்தான் இருக்கும். தேர்தல் அறிவிப்புக்கான கெடு தவறிப்போனால் பின்னால் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சரிசெய்தாலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

உறுப்பினர் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தேசிய அலுவலகம் உங்களை நம்பித் தருவது. தம் பெயரும் முகவரியும் மற்ற உறுப்பினர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர்கள் அதில் இருப்பார்கள். தாம் மென்சா உறுப்பினர் என்பதை அலுவலகத்தில் சொன்னால் கர்வம் பிடித்தவர் என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி, அதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே கூட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதவாறு அனுப்புங்கள். வீடு விற்பவரோ காப்பீட்டு முகவரோ ஆன ஓர் உறுப்பினர் நட்புரிமையோடு பட்டியலைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நாட்காட்டியே கிளையின் முதுகெலும்பு

நான் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரு நிகழ்ச்சி ஒவ்வொரு மாதமும் அதே கிழமையில், அதே நேரத்தில், அதே இடத்தில் நடக்க வேண்டும். ‘மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை’ என்று ஒரு முறை மனத்தில் பதிந்துவிட்டால், செய்திமடலைப் படிக்காதவரும் வருவார். இந்த மாதம் வெள்ளி, அடுத்த மாதம் ஞாயிறு என்று மாற்றி மாற்றி வைத்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று தோன்றும். நடைமுறையில் ஒருவருக்கும் நினைவில் நிற்காது.

இடம் தேடும்போது உணவின் சுவையை மட்டும் பாராதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பில் தர உணவகம் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் சேர்ந்து கூட்டல் கணக்கில் இறங்கிவிடுவார்கள், உரையாடல் அத்தோடு செத்துவிடும். இசை மெதுவாக ஒலிக்க வேண்டும், ஏனென்றால் காது சற்று மந்தமான மூத்த உறுப்பினர்கள் எந்தக் கிளையிலும் உண்டு. வாகனம் நிறுத்த இடமும் சக்கர நாற்காலி நுழைய வழியும் இருக்க வேண்டும். நீண்ட மேசையில் இரு முனைகளில் இருப்பவர்கள் இரவு முழுவதும் ஒருவரோடொருவர் பேசாமலே போய்விடுவார்கள். வட்ட மேசை கிடைக்காவிட்டால் இரண்டு சதுர மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

மேசையின் மேல் ஓர் அடையாள அட்டை வையுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். பொறுப்பேற்ற இரண்டாம் மாதத்தில், வழக்கமாக வருபவர்களுக்குத்தான் மேசை தெரியுமே என்று அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அன்று முதல் முறையாக வந்த ஒரு பெண், வாசலில் நின்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்திருக்கிறார். யாரிடம் போய் ‘நீங்கள்தான் அந்த அறிவாளிக் கூட்டமா’ என்று கேட்பது என்று கூசிப்போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். நாங்கள் நாற்பதடி தள்ளி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அவர் அனுப்பிய கடிதத்தில் கோபம் இல்லை, தாம் இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாகவே எழுதியிருந்தார். பிழை முழுவதும் என்னுடையது. அதற்குப் பிறகு கூடாரம் போல மடித்த ஒரு மஞ்சள் அட்டை, மென்சா என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, என் வாகனத்திலேயே நிரந்தரமாகக் குடியிருந்தது. அடையாளத்தோடு ஒருவர் வாசலை நோக்கி உட்கார்ந்திருப்பதும், அறிவித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவர் அங்கே இருப்பதும் கட்டாயம்.

மாத உணவுக்கு அடுத்தபடியாக விளையாட்டு மாலை ஒன்றை வையுங்கள். புதியவர்களோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் திணறுபவர்களுக்கு, நடுவில் ஒரு பலகை இருப்பது பெரிய ஆறுதல். அமெரிக்க மென்சா 1990 முதல் புதிய பலகை விளையாட்டுகளை ஆடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சிறந்தவற்றுக்கு ‘மென்சா செலக்ட்’ என்ற முத்திரையை வழங்கிவருகிறது. அந்த முத்திரை பெற்றவற்றிலிருந்து இரண்டு, மூன்றை வாங்கி வைத்தால் போதும். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழியை ஒரு மாலை எடுத்துப் போனேன். குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் ‘பசு’ என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் விதியை விளக்கி முடிப்பதற்குள், முதல் நகர்த்தலிலேயே எத்தனை பசு கிடைக்கும் என்று கணக்கிட இருவர் காகிதத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை மூன்று மாதமாக வந்தும் வாய் திறக்காத ஓர் இளைஞர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினார்.

நூலக அறையில் ஒரு பேச்சாளரை அழைப்பது, அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்து போவது, ஞாயிறு காலை நடை என்று மற்றவற்றை உறுப்பினர்களின் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: யார் ஒரு யோசனையைச் சொல்கிறாரோ அவரே அந்த நிகழ்ச்சியை முன்னின்று நடத்தட்டும். எல்லாவற்றையும் செயலரே நடத்தும் கிளை அவர் களைத்த அன்று நின்றுவிடும்.

முதல் முறை வருபவரை வரவேற்பது

புதிய உறுப்பினரின் பெயர் பட்டியலில் ஏறிய ஒரு வாரத்துக்குள் நீங்கள் கையால் எழுதியது போன்ற ஒரு கடிதம் அவருக்குப் போக வேண்டும். பொதுவான வாழ்த்து மடலாக இராமல், அடுத்த கூட்டம் எந்த நாள், எங்கே, மேசையில் என்ன அட்டை இருக்கும், யார் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற நான்கு செய்திகளும் அதில் இருக்கட்டும். வந்தவுடன் அவரைப் பழைய உறுப்பினர் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைத்து, இருவருக்கும் பொதுவான ஒரு பொருளைச் சொல்லிவிட்டு நகருங்கள். இருபது நிமிடம் கழித்து மறுபடி அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

சிறு வயதில் வகுப்பில் தனித்து நின்றவர்கள், கேள்வி கேட்டதற்காகக் கேலிக்கு ஆளானவர்கள், தம் ஆர்வங்களை யாரிடமும் பகிர முடியாமல் வளர்ந்தவர்கள் இங்கே நிறைய வருவார்கள். தம்மைப் போன்றவர்களைச் சந்திக்கலாம் என்ற நம்பிக்கையைத் திரட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த முதல் மாலையில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் விட்டால், அவர்களுக்கு அது பழைய பள்ளிக்கூடம்தான். அதனால் வழக்கமாக வருபவர்கள் தமக்குள்ளேயே பழங்கதை பேசிக் கொண்டிருந்தால், செயலர் தயங்காமல் குறுக்கிட்டுப் பேச்சைப் புதியவர் பக்கம் திருப்ப வேண்டும்.

மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. யாராவது புதியவர் பெருமையோடு தம் எண்ணைச் சொன்னால், கண்டிக்காமல் ஒரு விளக்கம் கொடுங்கள். வெக்ஸ்லர் தேர்வில் 130, பழைய ஸ்டான்ஃபோர்டு-பினே தேர்வில் 132, கேட்டல் தேர்வில் 148 என மூன்றும் ஏறத்தாழ ஒரே நிலையைத்தான் குறிக்கின்றன. ஒவ்வொரு தேர்வும் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகலை 15, 16, 24 என்று வெவ்வேறு அளவுகோலால் அளப்பதே காரணம். 148 வாங்கியவர் 130 வாங்கியவரைவிடப் பதினெட்டுப் படி உயர்ந்தவர் என்று எண்ணுவது, செல்சியசில் 30 பாகையைவிட ஃபாரன்ஹீட்டில் 86 பாகை அதிக வெப்பம் என்று எண்ணுவதைப் போன்றது.

விருந்தினர்களுக்கும் கதவைத் திறந்து வையுங்கள். உறுப்பினரின் கணவர், மனைவி, நண்பர் யாராக இருந்தாலும் உணவுக்கும் விளையாட்டுக்கும் வரலாம் என்று செய்திமடலில் வெளிப்படையாக எழுதுங்கள்.

தேர்வு நடத்துதல்

நுழைவுத் தேர்வைத் தேசிய அமைப்பு சான்றளித்த கண்காணிப்பாளர் மட்டுமே நடத்தலாம். உங்கள் வேலை அவருக்குத் துணையாக இருப்பது: பொது நூலகத்தில் அமைதியான அறை ஒன்றை இரண்டரை மணி நேரத்துக்குப் பதிவுசெய்வது, கதவில் ‘தேர்வு நடக்கிறது’ என்று ஒட்டுவது, கூடுதலாகக் கூர்மையான பென்சில்களை வைத்திருப்பது, சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது. வினாத்தாள்கள் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தேர்வில் என்ன கேட்டார்கள் என்று உறுப்பினர்கள் பேசத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். தாள் ஒரு முறை வெளியே கசிந்துவிட்டால் அதன் மதிப்பே போய்விடும்.

விடைத்தாள்களைத் திருத்துவது தேசிய அலுவலகம்தான். ஆகவே தேர்வு முடிந்து வெளியே வருபவரிடம் ‘நீங்கள் நிச்சயம் தேறிவிடுவீர்கள்’ என்று நட்புக்காகக்கூடச் சொல்லாதீர்கள். தகுதி பெறாதவரின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. அவரை அழைத்துவந்த நண்பரிடமும் கூடாது.

தேர்வு எழுதாமலே சேரவும் வழி உண்டு. முன்பு வேறெங்கோ எழுதிய தேர்வின் சான்றை அனுப்பலாம். ஏறத்தாழ 200 வகைத் தேர்வுகளை அமெரிக்க மென்சா ஏற்கிறது. தொலைபேசியில் உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றியதாக இருக்கும். 1994 ஜனவரி 31ஆம் தேதிக்குப் பிறகு எழுதிய எஸ்.ஏ.டி. ஏற்கப்படுவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இந்த நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைக்க முடியாது. உளவியலாளர் ஒருவர் தனியாக நடத்திய தேர்வின் சான்றை அனுப்புமாறு பெற்றோருக்கு வழிகாட்டுங்கள்.

பணம்

கிளைக்கு வரும் பணம் சிறியது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தேசிய அலுவலகம் சந்தாவில் ஒரு பங்கை அனுப்பும். நிகழ்ச்சிக் கட்டணமாக ஏதோ கொஞ்சம் வரும். சிறியது என்பதாலேயே அதைக் கவனமாகக் கையாள வேண்டும். வங்கிக் கணக்கில் இருவருக்குக் கையெழுத்து உரிமை இருக்கட்டும். இரசீது இல்லாத செலவைத் திருப்பித் தராதீர்கள், அது உங்கள் சொந்தச் செலவாக இருந்தாலும் சரி. மாதக் கணக்கைச் செயற்குழுவின் முன் வைத்து, சுருக்கத்தைச் செய்திமடலில் வெளியிடுங்கள்.

வரித்துறைக்கு ஆண்டுதோறும் ஒரு தாக்கல் உண்டு. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மேல் போகாத இலாபநோக்கற்ற சிறு அமைப்புகள், 990-என் என்ற மின் அஞ்சலட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். பத்து நிமிட வேலை. நிதியாண்டு முடிந்து ஐந்தாவது மாதத்தின் 15ஆம் தேதி அதற்குக் கெடு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே போய்விடும். பொருளாளர்கள் மாறும்போது இந்த ஒன்றுதான் எளிதில் கைநழுவும். ஆகவே செயலரும் தம் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். கிளைக்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அறப்பணிகளுக்கென மென்சா ஃபவுண்டேஷன் என்ற தனி அறக்கட்டளை இருக்கிறது. கொடுக்க விரும்புபவர்களை அங்கே அனுப்புங்கள்.

கருத்து வேறுபாடுகள்

அமைப்பு என்ற முறையில் மென்சாவுக்கு அரசியல் கருத்தோ மதக் கருத்தோ கிடையாது. உறுப்பினர்களுக்கு ஏராளமாக உண்டு. எங்கள் மேசையில் ஒரே மாலையில் தீவிர இறைப்பற்றாளரும் நாத்திகரும், இரு பெரும் கட்சிகளின் ஆதரவாளர்களும் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். விவாதத்தைத் தடுக்க வேண்டாம். அதற்காகத்தான் பலரும் வருகிறார்கள். ஆனால் கிளையின் பெயரால் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எந்த அறிக்கையிலும் கையெழுத்திடவோ இடம் கொடுக்காதீர்கள். செய்திமடலில் ஒருவர் தம் கருத்தை எழுதினால் அது அவருடைய சொந்தக் கருத்து என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

கருத்தை விட்டு ஆளைத் தாக்கத் தொடங்கும் கணத்தில் தலையிடுங்கள். கூட்டத்தின் நடுவே கண்டிப்பதைவிட, வெளியே அழைத்துப் போய்த் தனியாகப் பேசுவதே பலன் தரும். ஒரு பெண் உறுப்பினர் மற்றொருவரின் நடத்தையைப் பற்றி உங்களிடம் முறையிட்டால், ‘அவர் அப்படித்தான், மனத்தில் ஒன்றும் இல்லை’ என்ற சமாதானத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னதை நாள், நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டு, விதிகளில் சொல்லியுள்ளபடி குறைதீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லுங்கள். பெரிய கூடல்களில் பெயர் அட்டையில் வண்ணப் புள்ளி ஒட்டும் வழக்கம் அமெரிக்க மென்சாவில் இருக்கிறது: பச்சை என்றால் கட்டியணைத்து வாழ்த்தலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், சிவப்பு என்றால் கூடாது. முன்பின் தெரியாதவரைக் கட்டியணைக்கும் பழக்கம் இல்லாத நம்மவர்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி பெரிய விடுதலை. வந்து சேரும் தமிழ் உறுப்பினர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரயிறுதிக் கூடல்

கிளை நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, வட்டாரக் கூடல் ஒன்றை நடத்தலாமா என்ற பேச்சு எழும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு நண்பகல் வரை ஒரு விடுதியில் பேச்சுகள், விளையாட்டுகள், விருந்து என்று நடப்பது அது. பக்கத்துக் கிளைகளிலிருந்தும் வருவார்கள். முதல் ஆண்டிலேயே இதில் இறங்காதீர்கள். இறங்கும்போது விடுதி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள், ஏனென்றால் ஒரு சிறு கிளையின் பத்தாண்டுச் சேமிப்பை ஒரே வாரயிறுதியில் கரைக்கக்கூடியது அந்தத் தாள்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு இரவுகளுக்கு 60 அறைகள் என்று ஒப்புக்கொண்டால் மொத்தம் 120 அறை-இரவுகள். அதில் 80 விழுக்காடாவது நிரம்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், 96 அறை-இரவுகளுக்கு நீங்கள் பொறுப்பு. 80 மட்டுமே நிரம்பினால், மீதி 16க்கு, இரவுக்கு 130 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், 2,080 டாலரைக் கிளையே கட்ட வேண்டும். ஆகவே முதல் முறை 60க்குப் பதிலாக 35 அறைகளைக் கேளுங்கள். வரவேற்பு நன்றாக இருந்தால் கூட்டிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்குங்கள். கூட்ட அறைகளை இலவசமாகத் தருகிறோம் என்று விற்பனைப் பிரிவினர் வாயால் சொன்னால் போதாது, எத்தனை அறைகள் நிரம்பினால் இலவசம் என்பது எழுத்தில் வர வேண்டும்.

கூடலின் உயிர் விருந்தோம்பல் அறையில் இருக்கிறது. இரவு பகலாகத் திறந்திருக்கும் அந்த அறையில் உணவும் பானமும் எப்போதும் இருக்கும். நடுநிசி இரண்டு மணிக்குக் கையில் ஒரு கிண்ணம் சூப்போடு யாராவது கருந்துளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க விடுதிகள் பொதுவாக வெளியிலிருந்து உணவு கொண்டுவர விடாது. அதற்கான அனுமதி ஒப்பந்தத்தில் தனி வரியாக இல்லையென்றால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள். அடுத்தது மின்சாரம். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு ஒன்று 1,800 வாட்டுக்கு மேல் தாங்காது. பெரிய காப்பிக் கொதிகலன் மட்டுமே 1,500 வாட் இழுக்கும். அதே இணைப்பில் நுண்ணலை அடுப்பையும் செருகினால் காலைச் சிற்றுண்டி நேரத்தில் அறை முழுவதும் இருட்டாகிவிடும். முதல் நாளே விடுதியின் பராமரிப்பு ஊழியரை அழைத்து, எந்தச் சுவரின் இணைப்பு எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று கேட்டு, சுவரில் சிறு தாள் ஒட்டி வையுங்கள். சைவ உணவு, கடலை சேராத உணவு, பால் சேராத உணவு ஆகியவற்றுக்குத் தனிக் கரண்டியும் பெயர்ச் சீட்டும் வேண்டும்.

பதிவு செய்யும் மேசையில் சிரித்த முகம் உள்ள இருவரை அமர்த்துங்கள். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளரை நியமித்தால், ஒலிவாங்கி வேலை செய்யாதபோது அவர் தனியாகத் தவிக்க மாட்டார்.

குழந்தைகளும் கல்வி உதவித்தொகையும்

அறிவுத்திறன் மிகுந்த குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பெற்றோர் உங்களை அழைப்பார்கள். குழந்தையின் எண்ணைப் பற்றி அவர்கள் பேசும்போது, குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அதே ஆர்வம் உடைய வேறு குழந்தை கிளையில் இருந்தால் பெற்றோர் இருவரையும் அறிமுகப்படுத்துங்கள். குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும்.

மென்சா ஃபவுண்டேஷன் நடத்தும் கல்வி உதவித்தொகைப் போட்டிக்கு 550 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, மதிப்பெண்களும் கேட்கப்படுவதில்லை. கட்டுரைகளை முதலில் படித்து மதிப்பிடுவது உள்ளூர்த் தொண்டர்களே. கூட்டங்களுக்கு வர விரும்பாத அமைதியான உறுப்பினர்களிடம் இந்த வேலையைக் கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் பகுதி உயர்நிலைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் அறிவிப்பை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

பொறுப்பை ஒப்படைத்தல்

உங்களுக்குப் பிறகு யார் என்பதைப் பொறுப்பேற்ற ஆறாம் மாதத்திலேயே யோசிக்கத் தொடங்குங்கள். ‘அடுத்த செயலராக வாருங்கள்’ என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பார்கள். ஒரு மாதம் உணவுக் கூட்டத்தை நடத்தித் தாருங்கள் என்று கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். அது முடிந்ததும் ஒரு செயற்குழுக் கூட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லலாம். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: உணவக மேலாளரிடம் எந்தக் கிழமை எந்த நேரத்தில் பேச வேண்டும், நூலக அறையை எத்தனை வாரம் முன்பு பதிவுசெய்ய வேண்டும், 990-என் தாக்கல் எந்தத் தேதிக்குள், யாருக்குக் கடலை ஒவ்வாது, யாருக்கு இரவில் வாகனம் ஓட்ட முடியாததால் யார் அவரை அழைத்துவருகிறார் என்பது வரை. நான் பொறுப்பை ஒப்படைத்தபோது அந்தக் குறிப்புகள் பதினோரு பக்கம் வந்தன. அவற்றோடு அந்த மஞ்சள் அட்டையையும் உறையில் போட்டுக் கொடுத்தேன்.